இன்னாசியின் ஆள்காட்டி விரல்

கூப்பிட்டால் கடலுக்குக் கேட்கிற தூரத்தில், ஆனால் கடல் முகத்தில் விழிக்கவே மாட்டோம் என்று எல்லா வீடுகளும் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிற கப்பல்காரத் தெருவில், பிரிஸ்காவின் மகன் இன்னாசி ரிமோட்டாகிப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பக்கத்து வீட்டில் நெத்திலி பொரிந்துகொண்டிருந்த நேரத்தில். அன்றைக்குத் தெருவில் அதைவிடப் பெரிய பேச்சு, குழாயில் தண்ணீர் வந்ததுதான்.

பிரிஸ்கா பயந்த சுபாவம். கான்வென்ட்டில் படித்தவள். படியேறினால் செருப்புச் சத்தம் கேட்கக்கூடாது, சிரித்தால் பல் தெரியக்கூடாது, பெண்பிள்ளை வாயிலிருந்து பெரிய சத்தம் வரவே கூடாது என்று வெள்ளை உடுப்புச் சிஸ்டர்கள் பத்து வருடம் சொல்லிச் சொல்லி வளர்த்ததில், தும்மல் வந்தாலும் தலையணையைத் தேடுகிற பிள்ளையாக அவள் வெளியே வந்தாள். கல்யாணம் ஆகி, பிள்ளையும் பிறந்து, புருஷன் கஸ்பார் திரும்பவும் கப்பலேறிப் போன பிறகு அவளுக்குப் பயப்பட வேலை நிறைய இருந்தது: மின்விசிறி கழன்று தொட்டிலில் விழுந்துவிடும், பூனை வந்து பிள்ளை நெஞ்சில் படுத்துக்கொள்ளும், பால் மூக்கில் ஏறிவிடும், தூங்குகிற பிள்ளை மூச்சுவிட மறந்துவிடும். ஆனால் இதெல்லாம் வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய பயங்கள். சொல்ல முடியாதது ஒன்று உள்ளே கிடந்தது. இன்னாசி இதுவரை அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்ததில்லை. சிரிப்பதை விடுங்கள், முகத்தைப் பார்த்ததே இல்லை. ஊசி போடுகிற சிஸ்டர் பிள்ளையைத் தராசில் வைத்துக்கொண்டே, "என்ன, அம்மா முகம் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சிட்டானா? இந்நேரம் சிரிக்கணுமே" என்று கேட்டபோது பிரிஸ்கா, "சிரிக்கான் சிஸ்டர், நல்லாச் சிரிக்கான்" என்று பொய் சொல்லிவிட்டு, வீடு வரைக்கும் பொய்க்கு ஒரு மங்களவார்த்தை ஜெபம், பயத்துக்கு ஒரு மங்களவார்த்தை ஜெபம் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். பிள்ளை பார்த்ததெல்லாம் சிவப்புப் புள்ளிகளைத்தான். சுவிட்ச் போர்டில் எரிகிற சின்னச் சிவப்பு லைட், இன்வெர்ட்டரின் லைட், டி.வி. அணைந்திருக்கும்போது அதன் மூலையில் எரிகிற லைட், இவற்றைத் தாய்மாமனைக் கண்டதுபோல அவன் கண்கொட்டாமல் பார்ப்பான்.

இப்படி இருக்கும்போதுதான் கஸ்பார், ஊருக்கு வந்த சிநேகிதன் மூலமாக ஒரு ஹோம் தியேட்டர் கொடுத்தனுப்பினான். கறுப்புப் பெட்டி ஒன்று, ஸ்பீக்கர்கள் ஐந்து, அதோடு எல்லாப் பெட்டிகளுக்கும் சேர்த்து ஒரே ரிமோட் என்று சாக்பீஸ் பெட்டி நீளத்தில் ஒன்று. தெருவுக்கெல்லாம் டிஷ் மாட்டுகிற ரெமிஜியுஸ் வந்து, திருஇருதய ஆண்டவர் படத்துக்கு இரண்டு பக்கமும் மெழுகுதிரி மாதிரி இரண்டு ஸ்பீக்கரை நிறுத்தி, மிச்சத்தை மூலைக்கொன்றாகத் தொங்கவிட்டு, புது ரிமோட்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தான்.

"இது ஒண்ணும் தெரியாத ரிமோட்டு மைனி. இப்பதான் பிறந்திருக்கு. பழைய ரிமோட்டுங்கதான் இதுக்கு வாத்தியார். நாம உக்காந்து பாடம் சொல்லிக்கொடுக்கணும். நாளைக்கு வாரேன்."

ரெமிஜியுஸ் வாயில் நாளை என்பது அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் எந்த நாளாகவும் இருக்கலாம். அதனால் பிரிஸ்கா, பெட்டிக்குள் இருந்த இங்கிலீஷ் தாளை எடுத்து, வகுப்பில் எழுந்து நின்று வாசிப்பதுபோல வாசித்தாள். இரண்டு ரிமோட்டையும் மூக்கோடு மூக்காகப் படுக்கவைக்க வேண்டும். நடுவில் நாலு விரல் இடைவெளி. பழையதை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அசைக்கக் கூடாது, குறுக்கே எதுவும் வரக்கூடாது. புதியது இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டினால் பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. கப்பலிலிருந்து வந்த எந்தப் பொருளையும் வீட்டுப் பிள்ளையின் கையில் கொடுத்து வாங்காமல் புழங்கக் கூடாது என்பது கப்பல்காரத் தெருவின் வழக்கம். அப்பன் தொட்டதைப் பிள்ளை தொட வேண்டும், அப்போதுதான் எந்தத் தண்ணீரில் கிடந்தாலும் அப்பனுக்கு வீட்டு வழி மறக்காது. சோப்புக்கட்டி வந்தால் பிள்ளை கையில் வைத்து எடுப்பார்கள், ஃப்ரிட்ஜ் வந்தால் பிள்ளையைத் தூக்கிப்போய் ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பார்கள். தாளில் போட்டிருப்பதை மீறவும் பிரிஸ்காவுக்குப் பயம், தெரு வழக்கத்தை மீறவும் பயம், ஆகவே இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தாள். பாயில் கிடந்த இன்னாசியின் கையில் புது ரிமோட்டைக் கொடுத்தாள். அவன் அதன் மூக்கை முழுதாகப் பொத்திப் பிடித்துக்கொண்டான். அதற்கு எதிரே நாலு விரல் தள்ளிப் பழைய ரிமோட்டை வைத்து அமுக்கினாள். புது ரிமோட் சிமிட்டவில்லை. இன்னாசி இரண்டு தடவை சிமிட்டினான். பிள்ளைகள் சிமிட்டத்தான் செய்யும் என்று அவள் அடுத்த பொத்தானுக்குப் போனாள். கான்வென்ட்டில் எதையும் பாதியில் விடப் பழக்கவில்லை. டி.வி.யின் பாடம், டிஷ் பெட்டியின் பாடம், ஹோம் தியேட்டரின் பாடம் என்று ஒவ்வொரு பொத்தானாக அவள் அமுக்க, ஒவ்வொன்றுக்கும் பிள்ளை இரண்டு தடவை சிமிட்ட, நெத்திலி வாசம் வீடெல்லாம் நிறைந்த நேரத்தில் பாடம் முடிந்தது.

புது ரிமோட்டை எடுத்து அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. பாயில் கிடந்த இன்னாசி டி.வி.யின் சிவப்புப் புள்ளியைப் பார்த்தான், ஆள்காட்டி விரலை நீட்டினான், டி.வி. எரிந்தது. கட்டைவிரலைச் சப்பினான், ஐந்து ஸ்பீக்கரிலும் ஒரு சீரியல் மாமியார் ஓவென்று அழுதாள்.

சத்தம் கேட்டுச் சலேத் மாமி கையில் கரண்டியோடு வந்தாள். சலேத் மாமிதான் பக்கத்து வீடு, நெத்திலியும் அவளுடையதுதான், தெருவில் யார் வீட்டில் பாத்திரம் உருண்டாலும் என்ன பாத்திரம் என்று சொல்லிவிடுகிறவள்.

"ஏட்டி, காது போவுது. குறைச்சு வையி."

"நான் வைக்கல மாமி. இன்னாசி வச்சிட்டான்."

மாமி பிள்ளையைப் பார்த்தாள். அவன் சப்புவதை நிறுத்தினான், சீரியல் மாமியார் வாயடைத்துப் போனாள். காலை உதைத்தான், சமையல் வந்தது. இன்னொரு உதை, கால்பந்து.

"அப்படியா சங்கதி," என்றாள் சலேத் மாமி. "அப்ப எங்க வீட்டுப் பக்கமும் கொஞ்சம் திருப்பிப் பிடி. எங்க ரிமோட்டுக்கு உசிரில்லாம, தட்டித் தட்டி என் உள்ளங்கை காய்ச்சுப் போச்சு."

அதிசயம் அவ்வளவுதான். மறுநாளோ அதற்கு மறுநாளோ ரெமிஜியுஸ் வந்து, ரிமோட்டின் வெளிச்சம் மனுஷக் கண்ணுக்குத் தெரியாது, போன் கேமராவுக்குத்தான் தெரியும் என்று விளக்கிவிட்டுத் தன் போனை இன்னாசிக்கு நேரே பிடித்தான். ஆள்காட்டி விரல் நுனியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வெளிச்சம் மினுக் மினுக்கென்று எரிந்தது. போனை எடுத்தால் வெறும் விரல், வைத்தால் கத்தரிப்பூ.

"நல்ல பவரு மைனி," என்றான் ரெமிஜியுஸ். "ஒரிஜினல் பீசு."

கப்பலிலிருந்து வீடியோவில் வந்த கஸ்பாரும் அந்த வெளிச்சத்தைப் பார்த்தான். முதலில் மகனைப் பார்த்துக் கொஞ்ச நேரம் கொஞ்சினான், பிறகு, "பிரிஸ்கா, வாரண்டி இருக்கான்னு அந்தத் தாள்ல பாரேன்" என்றான்.

"பிள்ளைக்கு ஏதுங்க வாரண்டி?" என்று அவள் அழப்போக, அலைக்கு அந்தப் பக்கம் போன் கட்டாகிவிட்டது.

வாசல் வரை போய்விட்ட ரெமிஜியுஸை அவள் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்: "ரெமிஜியுஸ், ரிமோட்டு ஆளைப் பாக்குமா?"

"ஆளை எதுக்கு மைனி பாக்கணும்? பெட்டியப் பாத்தாப் போதும்லா," என்று அவன் டிஷ்ஷைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அதன் பிறகு தெரு வரிசையில் வந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ரிமோட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து, இன்னாசியின் விரலுக்கு எதிரே நாலு விரல் தள்ளி வைத்து, அமுக்கிப் பிடித்து, அவன் இரண்டு தடவை சிமிட்டும்வரை பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்றத்தின்போது இருப்பதுபோல மூச்சுக் காட்டாமல் இருந்து, பாடம் ஏறியதும் பிள்ளைக்கு ஒரு முத்தமும் தாய்க்கு ஒரு கிண்ணம் குழம்பும் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஏ.சி. வைத்திருந்தவர்கள் ஏ.சி.யைச் சொல்லிக்கொடுத்தார்கள். வேலை முடிந்த பழைய ரிமோட்டுகளைக் கதவு ஆடாமல் அண்டை கொடுக்கவும், இஞ்சி நசுக்கவும், மாவடு ஜாடியில் மேலே பாரம் வைக்கவும் எடுத்துக்கொண்டார்கள். முக்கில் டீக்கடை வைத்திருக்கும் ஐகோர்ட் அண்ணாச்சி தன் ரிமோட்டை மீன்காரி ஞானப்பூவுக்குப் படிக்கல்லாகவே கொடுத்துவிட்டார். கால் கிலோவுக்குச் சரியாக இருந்தது.

இந்த வெளிச்சம் சுவரைத் தாண்டாது, ஆனால் கண்ணாடியில் பட்டால் திரும்பும் என்று கண்டுபிடித்தது சலேத் மாமி. அவள் வீட்டு அலமாரிக் கண்ணாடியில் பட்டுத் திரும்பியதில் எதிர்வீட்டு ஏ.சி. ஓடியது. அவ்வளவுதான், தெரு முழுக்கக் கண்ணாடி தொங்கியது. முகம் பார்க்கும் கண்ணாடி, சவரக் கண்ணாடி, கல்யாணத்தில் வந்த நிலைக்கண்ணாடி, லாரியில் உடைந்து விழுந்த கண்ணாடி, எல்லாவற்றையும் சன்னல்களிலும் மின்கம்பங்களிலும் முருங்கைமரத்திலும் சாய்த்துச் சாய்த்துக் கட்டி, பிரிஸ்காவின் வீட்டுப் பாயில் கிடந்த விரல் தெருவின் கடைசி வீடு வரைக்கும் போய்ச் சேருகிற மாதிரி வழி செய்தார்கள். கப்பல்காரத் தெருவில் தலை சீவாமல் யாரும் வெளியே வர முடியாமல் போனது அப்போதிருந்துதான். குறுக்கே நடந்தால் யார் வீட்டு நிகழ்ச்சியாவது தடைபடும் என்பதால் எல்லோரும் குனிந்தே நடந்தார்கள். வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், இந்தத் தெருவில் எவ்வளவு மரியாதை என்று அன்றைக்கே தாம்பூலம் மாற்றினார்கள்.

வசதி இருந்தால் தொந்தரவும் இருக்கும்தானே. இன்னாசிக்கு விக்கல் எடுத்தால் தெரு முழுக்கச் சானல் தாவியது, ஒருவர் ஆரம்பித்த செய்தியை இன்னொருவர் சமையலில் முடித்தார். அவன் ஏப்பம் விட்டால் எல்லாம் அணைந்தது. சீரியல் பார்க்கிறவர்கள், ஏழு மணிக்கு முன்னால் பிள்ளையைத் தட்டி ஏப்பம் எடுத்துவிட வேண்டும் என்றும், பாட்டுப் போட்டி பார்க்கிறவர்கள், ஏழரைக்கு அப்புறம்தான் பாலே கொடுக்க வேண்டும் என்றும் பிரிஸ்காவின் வாசலில் சண்டை போட்டார்கள். கோவிலில் பாட்டு வரிகளைத் திரையில் காட்டுகிற புரொஜெக்டர் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் காணிக்கைப் பாட்டின் நடுவே இன்னாசி அதைப் பார்த்து விரலை நீட்டிவிட, திரை நீலமாகி 'நோ சிக்னல்' என்று வந்தது, திரையில் வருவதைப் பாடியே பழகிய சனம், ஆர்மோனியம் நிற்காததால், "நோ... சிக்னல்... நோ... சிக்னல்" என்று அதே ராகத்தில் இரண்டு குரல் பிரித்து உருக்கமாகப் பாடி முடித்தது. பங்குச் சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனிமேல் பிள்ளையைப் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குப் பின்னால் உட்காரவையுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

எல்லோருக்கும் இன்னாசியைத் தெரிந்தது. இன்னாசிக்குத்தான் யாரையும் தெரியவில்லை. பாடம் ஏற ஏற அவன் புள்ளிகளையே பார்த்தான். குளிப்பாட்டும்போது கெய்சரின் புள்ளி, பால் குடிக்கும்போது அவள் தோளுக்கு மேலே இன்வெர்ட்டரின் புள்ளி. ஒருநாள் பிரிஸ்கா கதவைச் சாத்திக்கொண்டு, சலேத் மாமி வீட்டுக் காலண்டரில் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக நெற்றியில் ஒட்டிக்கொண்டு, அவன் முன்னால் குனிந்தாள்.

இன்னாசி பார்த்தான். கண்ணை எடுக்காமல் பார்த்தான். மெதுவாக ஆள்காட்டி விரலை அவள் நெற்றிக்கு நேரே நீட்டினான். காத்திருந்தான். இன்னொரு தடவை நீட்டினான். அவளுக்குள் எதுவும் எரியவில்லை, எந்தச் சானலும் வரவில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் கான்வென்ட் வழக்கப்படி பல் தெரியாமல் சிரித்தாள். அவன் ரிப்பேரான பெட்டியைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்வெர்ட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பொட்டை உரித்துச் சுவரில் ஒட்டிவிட்டு அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள்.

கால்பந்து இறுதி ஆட்டம் வந்த வாரத்தில், ஐகோர்ட் அண்ணாச்சி நாலு பெரிய மனுஷர்களோடு வந்தார்.

"தாயி, கண்ணாடி எல்லாம் உப்புக்காத்துல மங்கிட்டு வருது. பிள்ளை உள்ளுக்குள்ள கிடந்தா முக்கு வரைக்கும் எட்ட மாட்டேங்கு. நம்ம முச்சந்தியில ஒசரமா ஒரு நாற்காலி போட்டு, மேல குடை வச்சு, நம்ம இன்னாசிய அங்ஙன உக்காத்திட்டா எல்லா வீட்டுக்கும் நேரா இருக்கும். ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல தொடங்கிருவோம். பிள்ளை தெருவுக்குப் பொதுதானே?"

"ஆமா, பொதுதான்" என்றார்கள் நாலு பேரும்.

இல்லை என்று சொல்ல பிரிஸ்காவுக்கு வாய் வந்தது, சத்தம் வரவில்லை.

ஞாயிறு சாயங்காலம் முச்சந்தியில் நாற்காலி ஏறியது. பந்தல்காரன் குடை கட்டினான். இன்னாசிக்குப் பவுடர் போட்டு, கன்னத்தில் மை வைத்து உட்காரவைத்தார்கள். விழுந்துவிடுவானோ என்று பிரிஸ்கா நாற்காலியின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாள். அவன் விரலை நீட்டினான். எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் டி.வி.க்கள் எரிந்தன, ஆட்டம் தொடங்கியது, ஆட்டக்காரன் பந்தைத் தள்ளிக்கொண்டு கோல் பக்கம் போனான், கரண்ட் போனது.

டீக்கடை இருண்டது. வீடுகள் இருண்டன. இன்வெர்ட்டர்கள் கொஞ்சம் முனகிப் பார்த்துவிட்டு அவையும் படுத்துக்கொண்டன. ஊரில் ஒரு சிவப்புப் புள்ளி மிச்சமில்லை. இன்னாசி இந்தப் பக்கம் விரலை நீட்டினான், அந்தப் பக்கம் நீட்டினான், ஒரு கண்ணாடியைப் பார்த்து நீட்டினான். உதடு பிதுங்கியது. பிறகு அவன் அழுதான் பாருங்கள், பிறந்த அன்றைக்கு விட்டுவைத்த அழுகையையும் சேர்த்து அழுதான். கண்ணாடிகள் கிடுகிடுத்தன.

"ஏ, பிள்ளைக்கு ஒரு சிவப்பு லைட்டைக் காட்டுங்கப்பா!" என்று சலேத் மாமி கத்த, ஐகோர்ட் அண்ணாச்சி கடைக்குள் ஓடி, சாமி படத்துக்கு ஏற்றிய ஊதுபத்தியை எடுத்து வந்து நீட்டினார். இன்னாசி அழுகையை நிறுத்தி, அதன் நெருப்பு நுனியைப் பார்த்து விரலை நீட்டினான். ஊதுபத்தி ஊதுபத்தியாகவே இருந்தது. அழுகை இரண்டு மடங்கானது.

"பேட்டரி போயிருக்கும்," என்றான் ரெமிஜியுஸ். "முதுகுல தட்டிப் பாருங்க மைனி."

அப்போதுதான் பிரிஸ்காவுக்கு அந்தத் தாள் ஞாபகம் வந்தது. ஊர் ரிமோட்டெல்லாம் வந்து அவனுக்கு எதிரே படுத்துப் பாடம் சொல்லிவிட்டுப் போயிற்று. தான் ஒருத்திதான் சொல்லிக்கொடுக்கவில்லை. பாடமே நடத்தாமல் பிள்ளையைப் பரீட்சைக்கு உட்காரவைத்தால் எப்படி?

அவள் இன்னாசியைத் தூக்கிக்கொண்டு, நட்ட நடு முச்சந்தியில், எல்லோரும் பார்க்க, உடுத்தியிருந்த நல்ல சேலையோடு தரையில் படுத்தாள். அவனைத் தனக்கு எதிரே கிடத்தினாள். மூக்கோடு மூக்காக. நடுவில் நாலு விரல் வைத்து அளந்து பார்த்துக்கொண்டாள்.

"குறுக்க யாரும் வரக்கூடாது," என்றாள். அது அவள் குரல்தானா என்று சலேத் மாமிக்கே சந்தேகம் வந்தது. "அசையக் கூடாது."

தெரு அசையவில்லை. பிரிஸ்கா அவனுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தன் மூக்கின் மேல் வைத்து அமுக்கினாள். அமுக்கியதும் என்ன வர வேண்டும் என்று அவள் யோசித்திருக்கவில்லை. வயிற்றின் அடியிலிருந்து, சிஸ்டர்கள் பத்து வருடம் மூடி வைத்த ஏதோ ஒரு கதவைத் திறந்துகொண்டு, கன்னம் இரண்டும் உப்ப, துறைமுகத்துக்குள் நுழைகிற கப்பல் ஊதுவதுபோல அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது.

"பூஊஊஊம்!"

முருங்கைமரத்திலிருந்து ஒரு காக்கா விழுந்து பிறகு பறந்தது. இன்னாசி அழுகையை நிறுத்தினான். அவளைப் பார்த்தான். நெற்றியை அல்ல, தோளுக்கு மேலே அல்ல, அவளை. மறுபடியும் விரலை மூக்கில் வைத்தாள்.

"பூஊஊஊம்!"

அவள் அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். ஊதிக்கொண்டே இருந்தாள். மூச்சு முட்டியது, பல்லெல்லாம் தெரிந்தது, எச்சில் தெறித்தது, தெருவில் யாரும் சிரிக்கவில்லை, பாடம் நடக்கும்போது சிரிக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்னாசி ஒரு தடவை சிமிட்டினான்.

பிரிஸ்கா இன்னும் அமுக்கினாள்.

இரண்டாவது தடவை சிமிட்டினான். பிறகு அவள் கையை எடுத்துவிட, அவனே விரலைத் தூக்கி, குறிபார்த்து, அவள் மூக்கில் வைத்தான்.

"பூஊஊஊம்!"

இன்னாசி சிரித்தான். பல் இல்லாத வாயின் கடைசி வரைக்கும் தெரியச் சிரித்தான்.

அதே நேரத்தில் கரண்ட் வந்தது. நாலு பக்கமும் சிவப்புப் புள்ளிகள் விழித்துக்கொண்டன. "இன்னாசி! ஏலே இன்னாசி! போடுலே!" என்று தெரு கத்தியது, அண்ணாச்சி பிள்ளையின் கையைப் பிடித்து டி.வி. பக்கம் திருப்பிப் பார்த்தார், ரெமிஜியுஸ் போன் கேமராவில் பார்த்தான். வெறும் விரல். கத்தரிப்பூ இல்லை.

"புதுப் பாடம் ஏறுனா பழசு அழிஞ்சிரும் அண்ணாச்சி," என்று எல்லாம் தெரிந்தவன்போல ரெமிஜியுஸ் சொன்னான். "பிள்ளைக்கு ஒரு பெட்டிதான் கணக்கு."

தெரு இஞ்சி நசுக்கிய ரிமோட்டையும், கதவுக்கு அண்டை கொடுத்த ரிமோட்டையும், மாவடு வாசம் அடிக்கிற ரிமோட்டையும் எடுத்துத் தட்டித் தட்டி அமுக்கப் போய்விட்டது. ஐகோர்ட் அண்ணாச்சி மட்டும் ஞானப்பூவிடம் போய்த் தன் ரிமோட்டைக் கேட்க, அவள், மீனை எதை வைத்து நிறுப்பதாம் என்று சண்டைக்கு வந்ததில், சானல் மாற்ற வேண்டிய நேரத்திலெல்லாம் தராசையே டீக்கடைக்குத் தூக்கிவந்துவிட்டுப் போவது என்று முடிவானது.

கண்ணாடிகளை யாரும் கழற்றவில்லை. தலை சீவ வசதியாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். அதனால் இப்போதும் பிரிஸ்கா, பிள்ளையைச் சலேத் மாமியிடம் விட்டுவிட்டு, அவன் மூச்சுவிட மறந்துவிடுவானோ என்று பாதி உயிரை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஞானப்பூவிடம் சாளைமீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது, வீட்டுப் பாயில் இன்னாசி விரலைத் தூக்குகிறான், அது சன்னல் கண்ணாடியில் பட்டு, மின்கம்பத்துச் சவரக் கண்ணாடியில் பட்டு, முருங்கைமரத்து லாரிக் கண்ணாடியில் பட்டு, மீன்கடைக்கு வந்து சேருகிறது.

"பூஊஊஊம்!"

"என்ன மைனி," என்று தலையைத் தூக்காமலே கேட்கிறாள் ஞானப்பூ, "கப்பல் வந்துட்டா?"

"இல்லட்டி," என்கிறாள் பிரிஸ்கா, எல்லாப் பல்லும் தெரிய. "எம் மவன் கூப்பிடுதான். சீக்கிரம் நிறு."